யாரும் உறை ஊற்றாத மாவு

பாலைத் தயிராக்க ஒரு கரண்டி உறை மோர் வேண்டும். வீட்டில் தீர்ந்துபோனால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறோம். ரொட்டி செய்பவர் கடையில் ஈஸ்ட் வாங்குகிறார். இட்லி மாவுக்கு மட்டும் யாரும் எதையும் வாங்குவதில்லை, யாரிடமும் கேட்பதுமில்லை. அரிசி, உளுந்து, தண்ணீர், உப்பு ஆகிய நான்கையும் சேர்த்து இரவில் மூடி வைக்கிறோம். காலையில் மாவு மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

அதை எழுப்பியது எது? எங்கிருந்து வந்தது? யாரும் சேர்க்காத ஒன்று வாரம் தவறாமல் எப்படி வந்து சேர்கிறது? மாவரைப்பதை வீட்டு வேலைகளில் ஒன்றாக மட்டும் நினைப்பவர்களும் இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டால், மறுநாள் காலை மூடியை வேறு ஆர்வத்தோடு திறப்பார்கள். ஊறவைக்கும் நேரம், அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே அரைப்பது, உப்பைச் சேர்க்கும் வேளை, பாத்திரத்தில் பாதி இடம் விடுவது என்று நாம் பழக்கத்தால் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். மாவைப் புளிக்கவைப்பவர் நுண்ணுயிரைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. ஏற்கெனவே அங்கிருக்கும் நுண்ணுயிர்களில் தனக்கு வேண்டியது வெல்லும்படியான நிலைமையை அமைத்துக் கொடுக்கிறார். வீட்டில் புளிக்கவைப்பதன் திறமையும் மகிழ்ச்சியும் அந்த அமைப்பில்தான் இருக்கின்றன.

உளுந்தோடு வருவது

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற சிறு நகரம் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண் ஆய்வு நிலையம் ஒன்று அங்கே உண்டு. எஸ்.கே. முகர்ஜி, கார்ல் பெடர்சன், கீத் ஸ்டைன்கிராஸ் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் இட்லி மாவைப் பற்றி எழுதிய கட்டுரை 1965-இல் ‘அப்ளைடு மைக்ரோபயாலஜி’ இதழில் வெளிவந்தது. மாவு எழும்புகிறது என்றால் ரொட்டியைப் போல அதிலும் ஈஸ்ட்தான் வேலை செய்கிறது என்று எண்ணத் தோன்றும். அவர்கள் கண்டது வேறு. இட்லி மாவை எழுப்புவது லியூகோனாஸ்டாக் மெசென்டெராய்டஸ் என்ற பாக்டீரியா. மாவில் ஈஸ்ட் இருக்கலாம், ஆனால் மாவு எழும்ப அது கட்டாயமில்லை.

இந்த பாக்டீரியா காற்றிலிருந்து தற்செயலாக வந்து விழுவதில்லை. செடிகளின் மேல் இயல்பாக வாழும் உயிர் இது. அறுவடையோடு சேர்ந்து உளுந்தின்மேல் ஒட்டிக்கொண்டே நம் வீட்டு டப்பாவுக்குள் வருகிறது. உலர்ந்த பருப்பில் தண்ணீர் இல்லாததால் பெருகாமல் இருக்கிறது. உளுந்தை ஊறப்போட்ட நிமிடத்திலிருந்து அதன் நாள் தொடங்குகிறது. நான்கைந்து மணி நேரம் ஊறும்போது பருப்பு மென்மையாவதோடு, அதன்மேல் இருக்கும் பாக்டீரியாவும் பெருகத் தொடங்குகிறது. மாவை அரைத்துக் கரைத்து வைப்பதற்கு முன்பே வேலை பாதி நடந்திருக்கிறது.

பாலுக்கு உறை வேண்டியிருப்பதும் மாவுக்கு வேண்டாதிருப்பதும் இதனால்தான். பாலை நாம் காய்ச்சிவிடுகிறோம். அதில் இருந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை அப்போதே அழிந்துவிடுவதால் வெளியிலிருந்து புதிதாக ஒன்றைக் கொடுக்க வேண்டும். அரிசியையும் உளுந்தையும் வேகவைக்காமல் அரைக்கிறோம். அவற்றோடு வந்த உயிர்கள் அப்படியே மாவுக்குள் இறங்குகின்றன.

கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்றும், சிலருக்குக் கைராசி உண்டு என்றும் சொல்வார்கள். உளுந்தில் இருப்பதே போதும் என்பதால் கரண்டியால் கரைத்த மாவும் பொங்கும். கை செய்யும் உதவி வேறு விதமானது. உளுந்து மாவும் அரிசி மாவும் கட்டி தட்டாமல் ஒன்று கலப்பதை விரல்கள் உணர்ந்து செய்கின்றன. உள்ளங்கையின் சூடும் மாவுக்குக் கொஞ்சம் கிடைக்கிறது. கைராசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பதம் அறிந்த கையின் பழக்கம்.

சர்க்கரை ஆலை முதல் மருத்துவமனை வரை

மாவை எழுப்பும் இந்த பாக்டீரியாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிசுபிசுப்பாகிப் போன சர்க்கரைக் கரைசல்களுக்குக் காரணம் நுண்ணுயிர்தான் என்று லூயி பாஸ்டர் 1861-இல் எழுதினார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் வான் டீகெம் 1878-இல் அந்த நுண்ணுயிருக்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். கரும்பை வெட்டியபின் ஆலைக்குக் கொண்டுபோகத் தாமதமானால், வெட்டுவாயில் இதே பாக்டீரியா பெருகி, சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற கொழகொழப்பான பொருளாக மாற்றிவிடுகிறது. அது சாற்றைக் கெட்டியாக்கி வடிகட்டலைத் தடுக்கும், சர்க்கரை படிகமாவதையும் கெடுக்கும். வெட்டிய கரும்பை உடனே அரைக்க வேண்டும் என்று ஆலைகள் அவசரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆலைக்குத் தொல்லை தந்த அந்தப் பொருளையே ஸ்வீடன் நாட்டின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் க்ரோன்வால், பியோர்ன் இங்கெல்மன் என்ற இருவர் மருந்தாக்கினார்கள். இரத்தம் இழந்தவருக்குப் பிளாஸ்மாவுக்கு மாற்றாக டெக்ஸ்ட்ரான் கரைசலை ஏற்றலாம் என்பதை 1940-களில் அவர்கள் காட்டினர். மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக ஏற்றப்பட்ட அந்தக் கரைசலைத் தயாரித்துக் கொடுத்ததும் லியூகோனாஸ்டாக் மெசென்டெராய்டஸ்தான்.

1965-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான பெடர்சன், முட்டைக்கோஸை உப்பிட்டுப் புளிக்கவைக்கும் சாவர்கிராட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஜெர்மானியர்களின் அந்த உணவிலும், கொரியர்களின் கிம்ச்சியிலும் புளிப்பைத் தொடங்கிவைப்பது இதே பாக்டீரியா. முட்டைக்கோஸும் உளுந்தும் வெவ்வேறு. சமைப்பவர்களின் நிலமும் மொழியும் வெவ்வேறு. ஆனாலும் செடியின் மேலிருந்த நுண்ணுயிருக்கு ஈரமும் உப்பும் மிதமான சூடும் கொடுத்துக் காத்திருக்கும் முறையை எல்லாரும் கண்டடைந்திருக்கிறார்கள்.

ஒன்றரைத் தேக்கரண்டி சர்க்கரை

தயிரும் புளிக்கிறது, மாவும் புளிக்கிறது. மாவு மட்டும் ஏன் பொங்குகிறது? இரண்டிலும் வேலை செய்வது லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாக்கள்தான். ஆனால் அவை சர்க்கரையை உடைக்கும் வழி வேறுபடுகிறது. தயிரில் முதன்மையாக வேலை செய்பவை ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாகப் பிளக்கின்றன. எதுவும் மிச்சமில்லாததால் வாயு உண்டாவதில்லை. லியூகோனாஸ்டாக் அதே குளுக்கோஸை மூன்றாக உடைக்கிறது: ஒரு லாக்டிக் அமிலம், ஒரு எத்தனால், ஒரு கார்பன் டை ஆக்சைடு. சூழ்நிலைக்கு ஏற்ப எத்தனாலுக்குப் பதிலாக அசிட்டிக் அமிலமும் வரும். நன்றாகப் புளித்த மாவின் வாசனையில் இவை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. மாவை எழுப்புவது அந்தக் கார்பன் டை ஆக்சைடு.

இதனால் ஒரு குறிப்பும் கிடைக்கிறது. வெட்டி எடுத்தால் வழவழவென்று இருக்க வேண்டிய கெட்டித் தயிரில் நிறையக் குமிழிகள் தெரிந்தால், வேறு நுண்ணுயிர்கள் உள்ளே புகுந்துவிட்டன என்று பொருள். அந்தத் தயிரை அடுத்த உறைக்குப் பயன்படுத்தாமல் விடுவது நல்லது.

மாவு எழும்ப எவ்வளவு சர்க்கரை செலவாகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 180 கிராம் குளுக்கோஸ் இந்த வழியில் உடையும்போது 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். 30 டிகிரி செல்சியஸில் அது ஏறத்தாழ 25 லிட்டர் இடத்தை நிரப்பும். ஒரு லிட்டர் மாவு இரண்டு லிட்டராக உயர ஒரு லிட்டர் வாயு வேண்டும். அதற்கு 7 கிராமுக்குச் சற்று கூடுதலான சர்க்கரை போதும், அதாவது சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி. கொஞ்சம் வாயு மாவின் நீரில் கரையும், கொஞ்சம் வெளியேறும். அதையும் சேர்த்தால் சற்றுக் கூடலாம். அரிசியிலும் உளுந்திலும் இயல்பாக இருக்கும் சிறிதளவு சர்க்கரையும், ஊறியபின் மாவுப் பொருளை உடைக்கும் நொதிகள் விடுவிக்கும் சர்க்கரையும் இதற்குப் பயன்படுகின்றன. ஒரு குடும்பம் இரண்டு நாள் சாப்பிடும் மாவை உயர்த்த இவ்வளவு குறைந்த செலவு போதும்.

இதைச் செய்யும் பாக்டீரியா ஒரு மில்லிமீட்டர் கோட்டில் ஆயிரத்துக்கும் மேல் வரிசையாக நிற்கக்கூடிய அளவு சிறியது. புளித்த மாவில் ஒரு கிராமுக்கு அதன் எண்ணிக்கை பல கோடிகளில் இருக்கும்.

வாயுவைப் பிடித்து வைப்பது

வாயு உண்டானால் மட்டும் மாவு எழும்பாது. அரிசியை மட்டும் அரைத்துக் கரைத்து வைத்தால் அதுவும் புளிக்கும், குமிழி விடும். ஆனால் குமிழிகள் மேலே வந்து உடைந்துபோகும். மாவு கீழேயே கிடக்கும். கோதுமை ரொட்டியில் குமிழியைப் பிடித்து வைப்பது குளூட்டன் என்ற புரதம். அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் இல்லை. இங்கே அந்த வேலையை எது செய்கிறது?

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970-களில் என்.எஸ். சுசீலம்மா, எம்.வி.எல். ராவ் ஆகியோர் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார்கள். உளுந்தில் இருக்கும் இரண்டு பொருள்கள் சேர்ந்து இதைச் செய்கின்றன என்று கண்டார்கள். ஒன்று குளோபுலின் வகைப் புரதம். நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, காற்றைச் சுற்றி மெல்லிய படலமாக அமைகிறது. சோப்பு நீர் நுரைப்பதைப் போன்ற செயல் இது. இரண்டாவது அரபினோகேலக்டன் என்ற பல்சர்க்கரை. ஊறவைத்த உளுந்தைத் தொட்டால் விரலில் ஒட்டும் கொழகொழப்புக்கு முக்கியக் காரணம் அதுதான். புரதம் உண்டாக்கிய குமிழிகளைச் சுற்றி நீரைக் கெட்டியாக்கி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து உடையாமல் அது காக்கிறது. ஒன்று குமிழியைக் கட்டுகிறது, மற்றது நிலைநிறுத்துகிறது. பயறு வகைகளில் உளுந்துக்கு நாம் கொடுக்கும் தனி இடத்துக்கு வேதியியல் தரும் விளக்கம் இதுவே.

ஆகவே உளுந்தை எப்படி அரைக்கிறோம் என்பது மிக முக்கியம். நைசாக அரைபட்டால் மட்டும் போதாது. காற்று உள்ளே போக வேண்டும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து, பந்து பந்தாக எழும்பும்வரை அரைக்கச் சொல்வது அதற்காகத்தான். பதம் வந்ததா என்று பார்க்க ஒரு துளி மாவைத் தண்ணீரில் போடுவார்கள். மிதந்தால் சரி. காற்று சேர்ந்த மாவின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைந்துவிட்டது என்பதை அந்தத் துளி காட்டுகிறது. புது உளுந்து நிறையக் காணும், பழைய உளுந்து காணாது என்று மாவரைப்பவர்கள் சொல்வதும் இந்தக் காற்றையும் நீரையும் பிடித்து வைக்கும் திறனைப் பற்றித்தான். கூடவே ஊறப்போடும் ஒரு தேக்கரண்டி வெந்தயம் காலக்டோமன்னன் என்ற மற்றொரு கொழகொழப்பான பல்சர்க்கரையைக் கொடுத்து இந்த வேலைக்குத் துணை நிற்கிறது.

அரிசியின் பங்கு வேறு. அது இட்லிக்கு உடலைத் தருகிறது. அதை ரவை பதத்துக்குக் கொரகொரப்பாக அரைக்கிறோம். ஒன்றை நுரைக்க நுரைக்கவும் மற்றொன்றைக் கொரகொரப்பாகவும் அரைக்க வேண்டியிருப்பதால்தான் இரண்டையும் தனித்தனியே அரைக்கிறோம். நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அரிசி கூடுதலாக இருந்தாலும், மாவின் உயரத்தை முடிவு செய்வது அந்த ஒரு பங்கு உளுந்துதான்.

இந்த வேலைக்காகவே கோயம்புத்தூரில் 1950-களில் பிறந்தது வெட் கிரைண்டர். அதை உருவாக்கியவராக பி. சபாபதியின் பெயர் சொல்லப்படுகிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மிக்ஸியின் கத்தி வேகமாகச் சுற்றுவதால் மாவைச் சூடாக்கிவிடுகிறது. கல் மெதுவாகச் சுழன்று, மாவைச் சூடாக்காமல், புரட்டிப் புரட்டிக் காற்றைச் சேர்க்கிறது. மிக்ஸியில் அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றுபவர்கள் அந்தச் சூட்டைத்தான் சமாளிக்கிறார்கள்.

இரவில் நடக்கும் வரிசை

மாவை மூடி வைத்தபின் உள்ளே ஓர் ஒழுங்கான வரிசை நடக்கிறது. முதலில் லியூகோனாஸ்டாக் வேகமாகப் பெருகி அமிலத்தையும் வாயுவையும் விடுகிறது. வாயு மாவிலிருந்த ஆக்சிஜனை வெளியேற்றுகிறது. அமிலம் உணவைக் கெடுக்கும் பல நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. இதே வேளையில் என்டெரோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்களும் அமிலத்தைக் கூட்டுகின்றன. புளிப்பு ஏற ஏற லியூகோனாஸ்டாக்கின் வேகமே குறைகிறது. தான் விட்ட அமிலத்தை அதனாலேயே அதிகம் தாங்க முடியாது. பிறகு அமிலத்தை நன்றாகத் தாங்கும் பீடியோகாக்கஸ் போன்றவை இடத்தைப் பிடிக்கின்றன. அவை வாயு விடுவதில்லை, புளிப்பை மட்டுமே ஏற்றுகின்றன.

முதல் நாள் மாவும் மூன்றாம் நாள் மாவும் ஏன் வேறுபடுகின்றன என்பது இந்த வரிசையில் அடங்கியிருக்கிறது. முதல் நாள் வாயு நிறைந்த வேளையில் இட்லி ஊற்றுகிறோம். அடுத்த நாள் கரண்டி பட்டுப் பட்டுக் குமிழி குறைந்திருக்கும், அமிலம் கூடியிருக்கும். தோசைக்கு உயரம் தேவையில்லை. புளிப்பின்போது விடுபட்ட சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூடான கல்லில் ஒன்றோடொன்று வினைபுரிந்து தோசைக்குப் பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்றன. மூன்றாம் நாள் புளித்த மாவில் வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து ஊத்தப்பம் அல்லது தாளித்துக் குழிப்பணியாரம். நுண்ணுயிர்களின் வரிசைக்கு ஏற்பவே நம் வாரத்தின் பலகாரங்களும் வரிசையாகியிருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டி இந்த வரிசையை மெதுவாக்கும், நிறுத்தாது. பெட்டிக்குள் வைத்த மாவும் நாளுக்கு நாள் புளிப்பது அதனால்தான்.

வெயிலும் குளிரும் உப்பும்

வானிலையை மாவு உடனே காட்டிக்கொடுக்கும். லியூகோனாஸ்டாக்குக்கு 20 முதல் 30 டிகிரி வரையிலான சூடு பிடிக்கும். சித்திரை வெயிலில் சமையலறை 35 டிகிரியைத் தாண்டும்போது, சூட்டை விரும்பும் மற்ற பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. மாவு சீக்கிரமே புளித்துவிடும், ஆனால் அதற்கேற்ற உயரம் இருக்காது. மார்கழியில் எல்லாமே மெதுவாக நடக்கும். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் குளிர்கால இரவில் மேடைமேல் வைத்த மாவு காலையிலும் வைத்தபடியே இருந்தால் வியப்பில்லை. அங்கே மாவுக்கு அடுப்பின் அருகே, போர்வைக்குள், சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் என்று இடம் தேட வேண்டும்.

உப்பு நம் கையில் இருக்கும் கடிவாளம். உப்பு கூடினால் பாக்டீரியாவின் வேகம் குறையும். லியூகோனாஸ்டாக் ஓரளவு உப்பைத் தாங்கும், கெடுக்கும் நுண்ணுயிர்கள் பலவற்றால் தாங்க முடியாது. ஆகவே கோடையில் கரைக்கும்போதே உப்பைச் சேர்ப்பதும், குளிர் ஊர்களில் மாவு பொங்கியபின் சேர்ப்பதும் காரணத்தோடு கூடிய வழக்கங்கள். வெயில் காலத்தில் குளிர்ந்த நீரில் அரைப்பதும், பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதும் அதே நோக்கத்துக்கு உதவும்.

பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே என்ற பழைய அறிவுரையின் பொருள் இப்போது வெளிப்படை. மாவு இரு மடங்காகும்போது அதற்கு இடம் வேண்டும்.

ஆவியில் நிலைப்பது

பொங்கிய மாவு நீடிக்காத நுரை. அதை அப்படியே நிறுத்தி வைப்பது ஆவி. தட்டில் ஊற்றிய மாவு சூடேறும்போது முதலில் குமிழிகளுக்குள் இருக்கும் வாயு விரிகிறது, இட்லி உப்புகிறது. சூடு இன்னும் ஏறும்போது அரிசியின் மாவுத்துகள்கள் நீரை உறிஞ்சி வீங்கிக் கூழ்போலாகின்றன, உளுந்தின் புரதமும் இறுகுகிறது. குமிழிகளின் சுவர்கள் இப்படிக் கெட்டியாகிவிடுவதால் வாயு வெளியேறினாலும் துளைகள் அப்படியே நிற்கின்றன. பொங்கிய மாவை ஓங்கிக் கலக்காமல் மேலிருந்து மெல்ல எடுத்து ஊற்றச் சொல்வது அந்தக் குமிழிகளைக் காப்பதற்காக. உதகமண்டலத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனாலும் அந்தச் சூட்டில் மாவும் புரதமும் இறுகிவிடுவதால் இட்லி வேகத் தடையில்லை.

புளிப்பதால் சத்தும் மேம்படுகிறது. தானியத்திலும் பருப்பிலும் பைட்டிக் அமிலம் என்ற பொருள் உண்டு. இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களை அது பிடித்துக்கொண்டு உடலுக்குக் கிடைக்காமல் செய்கிறது. ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் அதைக் குறைக்கின்றன. பருப்பு சாப்பிட்டால் வயிற்றில் வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளிலும் ஒரு பகுதி குறைகிறது. நோயிலிருந்து எழுந்தவருக்கு முதலில் இட்லி கொடுக்கும் வழக்கத்துக்கு இவையும் துணையாக நிற்கின்றன.

எல்லாப் புளிப்பும் இவ்வளவு பாதுகாப்பானதாக இராது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய சோற்றில் சோறு வெந்தபின் தண்ணீர் ஊற்றுகிறோம். அங்கே புளிக்கவைக்கும் பாக்டீரியா தண்ணீரிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் கையிலிருந்தும்தான் வர வேண்டும். வெந்த சோற்றிலும் உயிரோடு நிற்கும் பாசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள், சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் முளைத்து நச்சை உண்டாக்கும். சோற்றைச் சீக்கிரம் ஆறவிட்டு, சுத்தமான பாத்திரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி வைத்து, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். இட்லி மாவிலும் நிறம் மாறிய பூஞ்சையோ துர்நாற்றமோ தெரிந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

பெயர் தெரியாத ஆய்வாளர்கள்

920-ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த வட்டாராதனெ என்ற கன்னட நூல் இட்லியின் முன்னோடி ஒன்றைக் குறிப்பிடுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசத்திலும் உளுந்தால் செய்த அத்தகைய பலகாரம் வருகிறது. அவற்றில் அரிசி இல்லை என்றும், இரவு முழுதும் புளிக்கவைப்பதும் ஆவியில் வேகவைப்பதும் சொல்லப்படவில்லை என்றும் உணவு வரலாற்று ஆசிரியர் கே.டி. அச்சயா எடுத்துக்காட்டினார். உளுந்தோடு அரிசியைச் சேர்த்தவர், இரவு முழுதும் விட்டுப் பார்த்தவர், ஆவியில் வைத்தவர் எவர் பெயரும் நமக்குத் தெரியாது. எந்த விகிதத்தில் எவ்வளவு பொங்கும், எந்த மாதத்தில் எவ்வளவு உப்பு என்று அடுப்படியில் நின்று பார்த்துப் பார்த்துத் திருத்தியவர்கள் அவர்கள். 1965-இல் ஆய்வகம் பெயர் சொன்ன பாக்டீரியாவை அவர்கள் பல தலைமுறைகளாக வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் செய்த சோதனையை நாமும் செய்து பார்க்கலாம். அடுத்த முறை மாவரைக்கும்போது மூன்று கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரிசி மாவு மட்டும், இன்னொன்றில் உளுந்து மாவு மட்டும், மூன்றாவதில் இரண்டும் கலந்தது. பாதியளவு ஊற்றி, மாவின் மட்டத்தை வெளியே பேனாவால் குறித்து, மூடி வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கோட்டை அவர்கள் போடட்டும், காலையில் அவர்களே அளக்கட்டும். அரிசி டம்ளரில் குமிழி தெரியும், உயரம் தெரியாது. உளுந்து டம்ளர் நுரைத்து நிற்கும். வாயு உண்டாவதும் அதைப் பிடித்து வைப்பதும் இரண்டு தனி வேலைகள் என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விடத் தெளிவாக அந்த டம்ளர்கள் காட்டும்.

அதற்கடுத்த வாரம் கலந்த மாவையே மூன்றிலும் ஊற்றி, உப்பை மட்டும் மாற்றுங்கள். ஒன்றில் உப்பில்லை, ஒன்றில் வழக்கமான அளவு, ஒன்றில் இரு மடங்கு. இன்னொரு வாரம் வைக்கும் இடத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றினால் எது எதைச் செய்கிறது என்று தெரியவரும். மாதம் இரண்டு மூன்று முறை இப்படிப் பார்த்து வந்தால், ஓராண்டில் உங்கள் சமையலறையின் பருவங்கள் உங்களுக்கு அத்துப்படியாகும். இந்த ஊரில், இந்த மாதத்தில், இந்த உளுந்துக்கு எவ்வளவு உப்பு, எத்தனை மணி நேரம் என்ற அறிவு எந்தப் பாக்கெட் மாவோடும் வராது. அது மாவரைப்பவருக்கு மட்டுமே கிடைக்கும்.